புது மாடல் வந்துவிட்டது, லேப்டாப்பை மாற்றலாமா? படிப்படியாக முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கம்பத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மலைக்கு மேலே கேரளாவில் குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய்க் கடைகளிலிருந்தும் என்னிடம் வருவார்கள். கம்பெனிகள் வருடத்துக்கு ஒருமுறை அதே உடம்பில் கொஞ்சம் புதிய சிப்பை வைத்து ஒரு மாடலை விடுகின்றன. அது வந்த வாரமே கேள்வியும் வந்துவிடும்: "மாத்திரலாமாண்ணே?"

பெரும்பாலோர் தடுமாறுவது வரிசையில்தான். புது மாடலை முதலில் பார்க்கிறார்கள், மனது அதில் விழுந்துவிடுகிறது, பிறகு பழைய லேப்டாப்பில் குறை தேடுகிறார்கள். அதைத் திருப்பிப் போட வேண்டும். கையில் இருப்பதை முதலில் அளக்க வேண்டும். புதியதைப் பார்ப்பது ஐந்தாவது படியில்தான் வருகிறது. பாதிப் பேர் அந்தப் படிக்கு வருவதற்குள்ளேயே பதில் கிடைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு வார அவகாசம். லேப்டாப்பின் பில். அதோடு வந்த ஒரிஜினல் சார்ஜர். எல்லா ஃபைலையும் நகல் எடுக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். உங்கள் வேலையிலேயே மிகக் கனமான ஃபைல் ஒன்றைப் போட்டு வைத்த பென் டிரைவ். இது ஏழாம் படியில் உதவும்.

நகலை இன்றைக்கே எடுங்கள். 'எப்படியும் புதுசு வாங்கத்தானே போறோம், அப்ப எடுத்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டு, நடுவில் டிஸ்க் போய், மூன்று வருடக் கணக்கை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1. ஒரு வாரம் குறையை எழுதுங்கள்

லேப்டாப் உங்களைக் காக்க வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள்: மணி, என்ன வேலை, எவ்வளவு நேரம். "ரொம்ப ஸ்லோ" என்று எழுதினால் பயனில்லை. "காலை 9.10, டாலி (கணக்கு மென்பொருள்) திறக்க 2 நிமிடம்" என்று எழுத வேண்டும்.

எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாள் முழுக்க மெதுவாக இருப்பதாகத் தோன்றும் லேப்டாப், எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று இடத்தில்தான் நிற்கிறது. அந்த இடங்கள் தெரிந்தால்தான் புது மாடல் அவற்றைத் தீர்க்குமா என்று கேட்க முடியும்.

2. நிற்கும் நேரத்தில் அளவெடுங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். லேப்டாப் சும்மா இருக்கும்போது பார்ப்பதில் பயனில்லை. அது திணறும் அந்த நிமிடத்தில் பார்க்க வேண்டும். நான்கில் ஒன்று தெரியும்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால், ராம் (திறந்திருக்கும் வேலைகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) போதவில்லை. இடம் பற்றாமல் விண்டோஸ் டிஸ்க்கை ராம் மாதிரி பயன்படுத்துகிறது. அதனால் எல்லாமே இழுக்கிறது.

டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு, உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், அதுதான் காரணம். அது நொடிக்குச் சுமார் 100 எம்பி படிக்கும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் சாட்டா வகை 500 எம்பிக்கு மேல் படிக்கும், என்விஎம்ஈ வகை ஆயிரக்கணக்கில் போகும். சிறுசிறு ஃபைல்களைத் தேடி எடுக்கும்போது வித்தியாசம் இன்னும் பெரிது.

சிபியு, அதாவது கணக்குப் போடும் முக்கிய சிப், 100 சதவீதத்தில் இருந்தால் உடனே முடிவுக்கு வராதீர்கள். பக்கத்தில் ஸ்பீட் என்று ஒரு எண் ஓடும். அது 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் நின்றால், சிப் முழு மூச்சாக உழைத்தும் போதவில்லை என்று அர்த்தம். 1-க்குக் கீழே விழுந்திருந்தால், சிப்பை ஏதோ கட்டிப்போட்டிருக்கிறது. அது சூடாக இருக்கலாம், சார்ஜராகவும் இருக்கலாம். லேப்டாப்புக்கு அடையாளம் தெரியாத டூப்ளிகேட் சார்ஜரைச் செருகினால் சில மாடல்கள் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரிஜினல் சார்ஜரை எடுத்து வைக்கச் சொன்னேன்.

மூன்றும் அமைதியாக இருந்தும் காத்திருக்க வேண்டியிருந்தால், பிரச்சினை இணையத்திலோ மென்பொருளிலோ இருக்கிறது. எந்த லேப்டாப் வாங்கினாலும் அது கூடவே வரும். மலைப்பக்கம் மழை நாளில் இணையம் படுத்துக்கொள்வதை லேப்டாப்பின் மேல் ஏற்றுகிறவர்கள் நிறைய.

வண்டன்மேட்டிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் வந்தார். ஐ5-1235யு சிப் உள்ள லேப்டாப். "தம்பி, இது முடியாது. கோர் 5னு புதுசா வந்துருக்காம்ல, அதை வாங்கிக் குடுத்துரு" என்றார். "அண்ணே, அஞ்சு நிமிஷம் ஒக்காருங்க" என்று சொல்லி, அவருடைய வழக்கமான வேலையையே செய்யச் சொன்னேன். டாலி திறந்தார், பெரிய எக்செல் ஃபைல் ஒன்று, உலாவியில் பதினாறு டேப். மெமரி 94 சதவீதம். சிபியு 20-ஐத் தாண்டவில்லை. மெமரிப் பக்கத்தில் கீழே ஸ்லாட் 2-இல் 1 என்று காட்டியது. 8 ஜிபி குச்சி ஒன்று, பக்கத்து ஸ்லாட் காலி. கிராஃபிக்ஸ் பெயர் யுஎச்டி என்று இருந்தது.

இன்னொரு 8 ஜிபியைப் போட்டுத் திறந்ததும் அதே இடத்தில் ஐரிஸ் எக்ஸ்ஈ என்று பெயர் மாறியிருந்தது. அந்தத் தலைமுறை இன்டெல் சிப்பில் ராம் இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு குச்சியும் சேர்ந்து, ஓடினால்தான் கிராஃபிக்ஸ் முழுப் பலத்தோடு வரும். அவர் பதினாறு டேப்பையும் மறுபடி திறந்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, புது லேப்டாப் பேச்சை எடுக்கவே இல்லை.

3. பேட்டரி, சூடு, உடம்பு

கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது முதலாவதில் 60 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்ற வேண்டிய காலம். பேட்டரி தேய்ந்ததற்காக லேப்டாப்பையே மாற்ற வேண்டியதில்லை. உப்பியிருந்தால் மட்டும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள், அது ஆபத்து.

ஃபேன் பக்கம் காதை வையுங்கள். தூசி அடைத்த ஃபேன் வேலை இல்லாதபோதும் இரையும். குமுளிப் பக்கத்து லேப்டாப்புகளில் தூசியோடு ஈரமும் சேர்ந்து, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கில் களிமண் மாதிரி படிந்திருக்கும். சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றினாலே வேகம் திரும்பிவிடும். போர்டில் பச்சையாக அரிப்பு ஏறியிருந்தால் கதை வேறு. அதில் பணம் போட நான் சொல்வதில்லை.

4. பழையதைச் சரிசெய்ய என்ன ஆகும்?

இரண்டு, மூன்றாம் படிகளில் தெரிந்த குறைகளுக்கு மட்டும் விலை கேளுங்கள். ராம், எஸ்எஸ்டி, பேட்டரி, சுத்தம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. போன வருடம் நண்பர் சொன்ன விலையை நம்பாமல் இன்றைய விலையைக் கேளுங்கள். உங்களுடையது டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்பதையும் பாருங்கள். ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் உட்காராது.

மொத்தச் செலவு புது லேப்டாப் விலையில் கால் பங்குக்குள் இருந்து, இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்று தோன்றினால், சரிசெய்வதுதான் என் பரிந்துரை.

இதற்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டு உபயோகத்துக்குக் கொடுத்த நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல்லில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்குவழியில் ஏற்றலாம் என்பார்கள். வங்கி, ஜிஎஸ்டி வேலை நடக்கும் லேப்டாப்பில் நான் அதைச் செய்து கொடுப்பதில்லை. குமுளியில் ஸ்டுடியோ நடத்தும் ஒரு சேச்சி ஐ5-7200யு வைத்திருந்தார். அது 7-ஆம் தலைமுறை. அவரிடம் ராம் போடச் சொல்லவில்லை. மாற்றத்தான் சொன்னேன்.

5. புது சிப்பின் பெயரைப் பிரித்துப் படியுங்கள்

மேலே உள்ளதைக் கடந்தும் மாற்றத்தான் வேண்டும் என்றால், இப்போது புது மாடலைப் பார்க்கலாம். பெட்டியின் மேல் இருக்கும் பெயர் புதிதாக இருப்பதால் உள்ளே இருப்பதும் புதிது என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே பெரிய தவறு.

இன்டெல்லில் ஒரு குடும்பத்தைப் பாருங்கள். 2022-இல் ஐ5-1235யு. 2023-இல் ஐ5-1335யு. 2024-இல் பெயரையே மாற்றி கோர் 5 120யு. மூன்றிலும் பத்து கோர்தான் (சிப்புக்குள் வேலை செய்யும் பகுதிகள்): இரண்டு பெரியவை, எட்டு சிறியவை. மூன்றிலும் 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), 12 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்). மாறியது உச்ச வேகம்: 4.4, 4.6, 5.0 கிகாஹெர்ட்ஸ். முதலாவதுக்கும் கடைசிக்கும் காகிதத்தில் சுமார் 14 சதவீத வித்தியாசம். அந்த உச்சமும் சில நொடிகளே நிற்கும். 15 வாட் சிப்பில் தொடர் வேலை வந்தால் வேகம் இறங்கிவிடும். டாலி, எக்செல், உலாவி வைத்து வேலை செய்கிறவருக்கு இந்த வித்தியாசம் கையில் தெரியாது.

ஏஎம்டியில் 2023-இல் ஒரு நல்ல வசதி வந்தது: நான்கு இலக்கத்தில் மூன்றாவது இலக்கம் உள்ளே இருக்கும் கட்டமைப்பைச் சொல்லும். ரைசன் 5 7530யு என்றால் மூன்றாவது இலக்கம் 3, அது ஜென் 3 (ஜென் என்பது ஏஎம்டி கட்டமைப்பின் பெயர், எண் அதன் தலைமுறை). 7520யு என்றால் ஜென் 2, கோரும் நான்குதான். 2022-இல் வந்த 5625யு-வும் ஜென் 3தான், ஆறு கோர்தான். 5625யு வைத்திருப்பவர் 7530யு-வுக்கு மாறினால் ஏறக்குறைய அதே சிப்பை இரண்டாம் முறை வாங்குகிறார். 7520யு-வுக்கு மாறினால் ஒரு படி இறங்குகிறார். எண் பெரிதாக இருக்கிறதே என்று அப்படி இறங்கியவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது இது: உங்கள் சிப், புது சிப் இரண்டின் முழுப் பெயரையும் எழுதி, கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் கோர், த்ரெட், கேஷ், வாட் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நான்கில் மூன்று ஒன்றாக இருந்து, உள்ளே இருக்கும் கட்டமைப்பும் அதேதான் என்றால் அது பெயர்மாற்றம். அதற்காக மாற்றாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவுக்கான என்பியு பற்றியும் கேட்கிறார்கள். மைக்ரோசாஃப்ட்டின் கோபைலட் பிளஸ் முத்திரைக்கு 40 டாப்ஸ் (நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு) என்பியு, 16 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்பு வேண்டும். டாலியும் ஜிஎஸ்டி தளமும் அந்த என்பியுவைத் தொடுவதில்லை. அந்த முத்திரையில் நமக்கு உண்மையாகக் கிடைப்பது 16 ஜிபி ராம்தான்.

ஆப்பிளில் கணக்கு கொஞ்சம் வேறு, ஏனென்றால் வாங்கிய பிறகு ராம் ஏற்ற வழியில்லை. 2020 கடைசியில் வந்த எம்1 சிப் மேக்புக் ஏர் 8 ஜிபியோடு எடிட்டிங் செய்து திணறுகிறவருக்கு, 16 ஜிபியிலேயே தொடங்கும் எம்4 ஏர் உண்மையான ஏற்றம். எம்3, 16 ஜிபி வைத்திருப்பவருக்கு அப்படியில்லை. மூடியைத் திறந்து வைத்தபடியே இரண்டு வெளி மானிட்டர் வேண்டும் என்றால் மட்டும் எம்4 பயன் தரும்.

6. புது மாடலில் எதை எடுத்துவிட்டார்கள்?

கூட்டியதை விளம்பரமே சொல்லிவிடும். குறைத்ததை நாம்தான் தேட வேண்டும்.

ராம் ஸ்லாட்டில் இருக்கிறதா, போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா? ஒட்டியிருந்தால் 8 ஜிபி மாடலை வாங்காதீர்கள், நாளை கூட்ட முடியாது. பேட்டரி எத்தனை வாட்-அவர் (அதன் கொள்ளளவு) என்று பாருங்கள். "10 மணி நேரம்" என்ற வாசகத்தை விட்டுவிடுங்கள். ஸ்கிரீன் 45 சதவீத என்டிஎஸ்சி (காட்டக்கூடிய நிறங்களின் அளவு) என்றிருந்தால் நிறம் வெளுத்துத்தான் தெரியும். கணக்கு வேலைக்குப் போதும், கல்யாண ஆல்பம் போடுகிறவருக்குப் போதாது. டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் (கணினியில் கையெழுத்துப் போட உதவும், பென் டிரைவ் மாதிரியான சாதனம்) செருகும் பழைய வடிவ யுஎஸ்பி துளை எத்தனை? இரண்டு டோக்கனும் ஒரு மவுஸும் வைத்திருப்பவருக்கு ஒரே துளை என்பது தினமும் ஒரு தொல்லை.

7. கடையில் உங்கள் வேலையை ஓட்டுங்கள்

தேனியோ கோட்டயமோ, டெமோ லேப்டாப் வைத்திருக்கும் கடைக்குப் பென் டிரைவோடு போங்கள். உங்கள் கனமான ஃபைலைத் திறந்து நேரம் பாருங்கள். கால் மணி நேரமாவது விடாமல் ஓட்டுங்கள். முதல் இரண்டு நிமிடம் எல்லா லேப்டாப்பும் பறக்கும். உடம்பு சூடேறிய பிறகு நிற்கும் வேகம்தான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் வேகம். அதே சிப் மெல்லிய உடம்பில் ஒரு மாதிரியும் கனத்த உடம்பில் வேறு மாதிரியும் ஓடும் என்பதால், எண்ணைப் பார்த்து மட்டும் இதைச் சொல்ல முடியாது.

8. மூன்று பத்திக் கணக்கு

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: பழையதைச் சரிசெய்வது, போன வருட மாடல், இந்த வருட மாடல். நடுப் பத்தியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். புது மாடல் வந்ததும் முந்தையது விலை இறங்கும். ஐந்தாம் படியில் இரண்டும் ஒரே சிப் என்று தெரிந்திருந்தால், புது மாடல் வந்ததில் உங்களுக்குக் கிடைத்த லாபமே அந்த விலையிறக்கம்தான். ஸ்டுடியோ சேச்சி வாங்கியதும் போன வருட மாடலைத்தான். மிச்சப் பணத்தில் ராமைக் கூட்டிக்கொண்டார்.

ஒரு உதாரணம். புதியது 62,000, பழையதை விற்றால் 18,000, ஆக கைச்செலவு 44,000 என்று வைத்துக்கொள்வோம். சரிசெய்ய 9,000. வித்தியாசம் 35,000. உங்கள் ஒரு வாரக் குறிப்பின்படி, சரிசெய்த லேப்டாப்பைவிடப் புதியது நாளுக்கு 8 நிமிடம் மிச்சம் பிடிக்கும் என்றால், 300 வேலை நாளுக்கு 40 மணி நேரம், மூன்று வருடத்துக்கு 120 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 290 ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள். அந்த நேரத்தில் அதைவிட அதிகம் சம்பாதிப்பீர்கள் என்றால் வாங்கலாம். நாளுக்கு ஒரு நிமிடம்தான் மிச்சம் என்றால் மணிக்கு 2,300 ரூபாய்க்கு மேல் ஆகிறது.

9. எங்கே, எப்போது வாங்குவது

எல்லையில் இருக்கிற நமக்கு ஆடித் தள்ளுபடியும் உண்டு, ஓணம் ஆஃபரும் உண்டு, தீபாவளியும் உண்டு. அவசரம் இல்லையென்றால் அடுத்த விழா வரை பொறுக்கலாம். வரியைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் லேப்டாப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டிதான். மலையேறிப் போய் வாங்கினால் வரி குறையும் என்பது தவறு.

தொழில் பெயரில் பில் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவருக்குக் கேரளக் கடை பில்லில் அந்த மாநில எஸ்ஜிஎஸ்டி (மாநில ஜிஎஸ்டி) விழுந்தால், கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது. பணம் கட்டும் முன்பே உங்கள் கணக்காளரைப் போனில் கேட்டுவிடுங்கள்.

வாரண்டியில் வீட்டுக்கு வந்து சர்வீஸ் உண்டு என்றால், உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று கேளுங்கள். எஸ்டேட் முகவரி அதில் அடிபட்டுப்போவது உண்டு. போன வருட மாடல் என்றால் சீரியல் எண்ணைப் போட்டு வாரண்டி எப்போது தொடங்கியிருக்கிறது என்றும் பாருங்கள். கடையில் கிடந்த மாதங்கள் உங்கள் கணக்கில் கழிந்திருந்தால், பில் தேதியை வைத்துத் திருத்திக் கொடுக்கச் சொல்லுங்கள்.

10. மாறும் வாரம்

மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டுகிறவர்களுக்கு 20-ஆம் தேதி 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். 10-இலிருந்து 20 வரை லேப்டாப் மாற்றாதீர்கள்; டோக்கன் டிரைவர் எடுக்கவில்லை என்று 19-ஆம் தேதி இரவு எனக்கு வரும் போன்கள் கொஞ்சநஞ்சமல்ல.

வரிசை இப்படி: முதலில் பழையதில் டாலி லைசென்சைச் சரண்டர் செய்யுங்கள், பிறகு புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள். பழைய லேப்டாப்பை அழித்துவிட்டுப் பிறகு நினைவு வந்தால் அலைச்சல்தான். அடுத்து டோக்கன் டிரைவர், பிரிண்டர், தமிழ் எழுத்துருக்கள். விண்டோஸ் 11-இல் டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) தானாகவே ஆன் ஆகியிருக்கலாம். அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதி, பில்லோடு வையுங்கள். நாளை போர்டு பழுதாகி என்னிடம் வந்தாலும் அந்தக் கீ இல்லாமல் உங்கள் ஃபைலை என்னால் எடுக்க முடியாது.

புதியதிலிருந்து ஒரு ரிட்டர்னை முழுதாகத் தாக்கல் செய்து முடிக்கும் வரை பழையதைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுக்கும்போது ஃபைல்களை டெலீட் செய்வது மட்டும் போதாது. செட்டிங்ஸில் ரீசெட் போய், எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் இருக்கும் டேட்டாவைச் சுத்தம் செய்யும் விருப்பத்தையும் ஆன் செய்யுங்கள். சில மணி நேரம் பிடிக்கும். சார்ஜரைச் செருகி, இரவு ஓடவிட்டுக் காலையில் எடுத்துக் கொடுக்கலாம்.